எதுவும் கேட்காமல்: டெல்லியில் ஆறு நாள்

முதல் நாள், ஞாயிறு

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு. விடிகாலையில் புதுடெல்லி நிலையத்தில் சித்தப்பா மப்ளர் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். எழுபத்தாறு வயதில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், "நீ வர்றதே அதிசயம், ஸ்டேஷனுக்குக்கூட வராம இருப்பனா?" என்கிறார். சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. கல்யாணமாகி ஆர்.கே.புரத்துக்கு வந்தவர், அரசாங்கக் குடியிருப்பை விட்ட பிறகும் இந்தப் பக்கத்தை விடவில்லை. முருகன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனையாம்.

நான் கும்பகோணத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவள். தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. எங்கள் ஊரிலிருந்து சுவாமிமலை கூப்பிடு தூரம். பட்டறைகளில் மெழுகு பிடிப்பதையும், அதன்மேல் காவிரி வண்டல் மண் பூசுவதையும் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். அங்கிருந்து புறப்பட்டுப் போனவற்றைப் பார்க்க இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது.

இன்று வேறு ஒன்றும் இல்லை. தூங்கினேன்.

இரண்டாம் நாள், திங்கள்

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அதனால் காலையில் சித்தியோடு அந்த முருகன் கோயில், மலை மந்திர்.

உத்தர சுவாமிமலை என்றால் ஆட்டோக்காரருக்குப் புரியாது. மலை மந்திர் என்றால் போதும். மலை என்ற தமிழ்ச் சொல் டெல்லி இந்தியில் அப்படியே உட்கார்ந்துவிட்டது, எனக்கு அது ரொம்பப் பிடித்தது. சிறிய குன்று, மேலே கருங்கல் கோயில். 1973-ல் குடமுழுக்கு நடந்தது. 'யாமிருக்கப் பயமேன்' என்ற எழுத்தைப் பார்த்ததும் ஊர் நினைவு வந்துவிட்டது. வடக்கே வேலைக்கு வந்த குமாஸ்தாக்களும் அதிகாரிகளும் சேர்ந்து, தங்கள் சுவாமிநாதனுக்கு ஒரு குன்றைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

அபிஷேகம் முடிந்து திரை போட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஐம்பது பேர். உள்ளே அலங்காரம் நடக்கிறது, மணிச் சத்தம் மட்டும் வருகிறது. பிறகு திரை விலகியது. அர்ச்சகர் தீபத்தை முதலில் பாதத்தில் காட்டினார், மெல்ல மேலே ஏற்றினார், முகத்தில் நிறுத்தினார். வேலைக் காட்டி மறுபடி முகத்துக்கு வந்தார். இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், இன்றுதான் கவனித்தேன். எதை முதலில் பார்க்க வேண்டும், எங்கே கண்ணை நிறுத்த வேண்டும் என்று அவர் நமக்குக் கற்றுத் தருகிறார். வகுப்பில் ஒரு படத்தைச் சுட்டிக்காட்டி நான் செய்ததும் இதைத்தானே. அதோடு சுடர் அசையும்போது கல்லின் நிழலும் அசைகிறது. உதட்டோரத்தில் ஒரு சின்ன நெளிவு வந்து போகிறது. சுவாமி சிரித்தார் என்று பாட்டி சொல்வாள். அவள் பார்த்தது உண்மைதான்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பையனுக்கு வேலை கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக எந்தச் சன்னிதியில் நின்றாலும் அதுதான். அதற்கு முன்னால் அவன் படிப்பு, அதற்கு முன்னால் அவன் அப்பாவின் உடம்பு. கண் திரையையும் தீபத்தையும் பார்க்க, வாய் பட்டியலைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இறங்கி வரும்போது சின்ன வயது ஞாபகம் ஒன்று. கும்பகோணம் நாகேசுவரன் கோயிலின் வெளிச்சுவரில், மாடங்களில் முற்காலச் சோழர் சிற்பங்கள் இருக்கின்றன. அந்தப் பெண் உருவங்களைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் கேமராவோடு வருவார்கள், மணிக்கணக்காக நிற்பார்கள். பாட்டி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "சாமி உள்ளார இருக்கு, இவங்க செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்பாள். எனக்கு இரண்டு பக்கமும் இழுப்பு. உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு ஓடி வந்து, அவர்கள் பார்த்த இடத்தையே நானும் பார்ப்பேன். நான் ஓவியம் கற்றுக்கொண்டதற்கு அந்தச் சுவர் ஒரு காரணம்.

மூன்றாம் நாள், செவ்வாய்

இன்று நிறைய எழுத வேண்டும்.

ஆர்.கே.புரத்தில் மெட்ரோ ஏறி, ஹௌஸ் காஸில் மாறி, சென்ட்ரல் செக்ரடேரியட்டில் இறங்கினோம். சித்தியும் வந்தார். "பொம்மையப் பாக்க அவ்வளவு தூரமா" என்று முதலில் மறுத்தவர், நடராசர் இருக்கிறார் என்றதும் புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். தலையில் பூ, கைப்பையில் ஒரு முழம் தனியாக. அதைச் சாத்த விட மாட்டார்கள் என்று சித்தப்பா வாசலிலேயே சொல்லி வைத்தார்.

ஜன்பத்தில் இருக்கும் இந்தக் கட்டடம் 1960-ல் திறக்கப்பட்டது. உள்ளே போனதும் மொகஞ்சதாரோ நடன மங்கையைப் பார்த்தோம். பத்தரை சென்டிமீட்டர்தான், என் உள்ளங்கையில் அடங்கிவிடுவாள். அவளை வார்த்ததும் மெழுகு வார்ப்பு முறையில்தான். நாலாயிரம் வருடம் தாண்டிய கைவேலை இன்னும் சுவாமிமலையில் மூச்சு விடுகிறது என்று சித்தியிடம் சொன்னேன். அவர் அதற்குள் நடராசர் எங்கே என்று காவலரிடம் இந்தியில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

வெண்கலக் கூடம். 12-ஆம் நூற்றாண்டு நடராசர் முன்னால் போய் நின்றோம்.

சித்தி கை கூப்பினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் சட்டென்று என் பக்கம் திரும்பி, "ஏன்டி, துணி இல்லாம நிக்கிறாரே?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி: "யாரு நைவேத்தியம் பண்றாங்க இங்க?" யாரும் இல்லை சித்தி என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "எத்தனை வருஷமா பட்டினி" என்று மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. சித்தி சொன்னது எனக்கு அசலான கேள்வி. இவர் வீதி உலா போக வார்க்கப்பட்டவர். பீடத்தில் தண்டு கோத்துத் தோளில் தூக்குவதற்கான துளைகள் இன்னும் இருக்கின்றன. குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, ஊரைச் சுற்றிக் காட்டிய ஒருவரைக் கண்ணாடிக்குள் நிறுத்திக் காலத்தையும் உலோகத்தையும் எழுதி வைத்திருக்கிறோம்.

ஆனாலும் நான் இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். திருவாதிரைக்குத் திருவாதிரை நடராசரைப் பார்த்திருக்கிறேன். பட்டும் மாலையும் விபூதிக் காப்பும் மூடி, தெரிவது முகமும் தூக்கிய பாதமும்தான். மாலைக்கு அடியில் அந்த உடம்பு எப்படி நிற்கிறது என்று அறுபது வயது வரை எனக்குத் தெரியாது. அது அபிஷேகம் செய்கிற அர்ச்சகருக்கும், வார்த்த ஸ்தபதிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இன்று நானும் பார்த்தேன். வலது முழங்கால் மடிந்து அத்தனை பாரத்தையும் காலடியில் கிடக்கும் முயலகன் மேல் இறக்குகிறது. இடுப்பு ஒரு பக்கம் திரும்ப, மார்பு திரும்பாமல் நேராக நம்மைப் பார்க்கிறது. இடது முன்கை மார்புக்குக் குறுக்கே யானைத் துதிக்கையாக இறங்கித் தூக்கிய பாதத்தைக் காட்டுகிறது. சுற்றிலும் சடை பறக்கிறது, முகத்தில் மட்டும் அசைவே இல்லை. இவ்வளவு வேகத்துக்கு நடுவே அந்த அமைதியை வைக்க எத்தனை தலைமுறை பழகியிருக்க வேண்டும்!

சுவாமிமலையில் தென்னங்கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு எடுப்பார்கள். உத்தம தசதாலம் என்ற அளவு முறையில் மொத்த உயரம் 124 பங்கு, அதற்குள் ஒவ்வொரு அங்கத்துக்கும் கணக்கு. அளவு சாஸ்திரத்தில் இருக்கிறது. இந்த முழங்கால் சாஸ்திரத்தில் இல்லை, கையில் இருந்திருக்கிறது.

பக்கத்தில் ஓர் அம்மன். சுற்றி வந்து பின்புறம் பார்த்தேன். கோயிலில் யாராவது சுவாமியின் முதுகைப் பார்க்க முடியுமா? பின்னந்தலையில் சிரச்சக்கரம் என்கிற சக்கர வடிவ அணி, அதன் கீழே வரிசை வரிசையாகச் சுருள் முடி, முதுகுத்தண்டின் மெல்லிய பள்ளம். யாரும் பார்க்காத இடத்தையும் ஒரு நரம்பு விடாமல் செய்திருக்கிறார்கள். முன்னால் வந்து முகத்தைப் பார்த்தால் மூக்கும் கண்ணும் மழுங்கிப் போயிருக்கின்றன. மஞ்சளும் சந்தனமும் பாலும் தேய்த்துத் தேய்த்து, நூற்றாண்டுகளாக ஆசையோடு குளிப்பாட்டியதில் தேய்ந்தவை. ஸ்தபதி இழைத்து இழைத்துச் செதுக்கிய புருவத்தைப் பூசை அழித்திருக்கிறது. ஓவிய ஆசிரியைக்கு அது நஷ்டமாகத் தெரிய வேண்டும். அந்த மழுங்கல்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அழகாகத் தெரிந்தது.

திருவரங்குளத்திலிருந்து வந்த இன்னொரு நடராசரும் இங்கே இருக்கிறார். 10-ஆம் நூற்றாண்டு. காலை உயரத் தூக்காத சதுர தாண்டவம். அவர் முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். சித்தப்பா வந்து தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது, அந்த ஒரு மணி நேரமும் நான் எதுவுமே கேட்கவில்லை. பையன் வேலை ஞாபகத்துக்கே வரவில்லை. சிவன் முன்னால் எதுவும் கேட்காமல் நின்றது, நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

பௌத்தக் கூடத்தில் ஒரு காட்சி. உத்தரப் பிரதேசத்துப் பிப்ரவாவில் அகழ்ந்தெடுத்த புத்தரின் எலும்புத் துண்டுகள் தாய்லாந்து தந்த பொன்னிற மண்டபத்துக்குள் இருந்தன. பத்துப் பதினைந்து பேர், சிவந்த ஆடையில் இரண்டு துறவிகள், அருங்காட்சியகத் தரையிலேயே மண்டியிட்டு ஓதிக்கொண்டிருந்தார்கள். காவலர் ஒன்றும் சொல்லவில்லை, ஒதுங்கி நின்றார். சித்தி அதைப் பார்த்துவிட்டு, "அவங்க சாமிக்கு மட்டும் இடம் குடுத்திருக்காங்களே" என்றார். மறுபடி வெண்கலக் கூடத்துக்குப் போனோம். நடராசருக்கு எதிரே தரையில் சித்தி விழுந்து கும்பிட்டார். யாரும் தடுக்கவில்லை. அந்த ஒரு முழம் பூ பைக்குள்ளேயே வாடியது.

இரவுச் சாப்பாட்டின்போது சித்தப்பா பத்தூர் நடராசர் வழக்கைச் சொன்னார். 1970-களில் மண்ணுக்குள் கிடைத்து, களவாக லண்டன் வரை போன சிலை. விலை கொடுத்து வாங்கிய கனடா நிறுவனம் ஒரு பக்கம், இடிந்து கிடந்த கோயில் சார்பில் இன்னொரு பக்கம். 1988-ல் தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமாக வந்தது, 1991-ல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாகி, சிலை திரும்பியது. அப்புறம் கோயிலிலிருந்து திருடு போன ஸ்ரீபுரந்தான் நடராசர். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் அந்த நாட்டுப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். அங்கே அதன் முன்னால் நின்று மெய்மறந்தவர்களும் இருந்திருப்பார்கள், அவர்கள் பார்த்ததைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊரில் ஒரு பீடம் காலியாக இருக்கும்போது அந்த ரசனைக்கு உரிமை கிடையாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான்காம் நாள், புதன்

தாமரைக் கோயில். பஹாய் சமயத்தவர் 1986-ல் திறந்தது. கிரேக்கத்திலிருந்து வந்த வெள்ளைப் பளிங்கு போர்த்திய 27 இதழ்கள். உள்ளே சிலை இல்லை, படம் இல்லை, வாத்தியம் இல்லை, பேச்சும் கூடாது. தூரத்திலிருந்து பார்க்கையில் ரொம்ப அழகு. உள்ளே உட்கார்ந்ததும் கண் பற்றிக்கொள்ள எதையாவது தேடியது, கிடைக்கவில்லை. உருவத்தில் வளர்ந்த மனசு, ஒரு நாளில் பழகாது. சித்தப்பாவுக்கு இங்கேதான் நிம்மதியாம். கோயிலுக்கு வராதவர், அங்கே முக்கால் மணி நேரம் கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் அவர் பாரத மண்டபம் என்ற மாநாட்டு மையத்து நடராசரைப் பற்றிச் சொன்னார். 2023-ல் சுவாமிமலையில் செய்து லாரியில் ஏற்றி வந்தது. 27 அடி, 18 டன், எட்டு உலோகம். ஒரு பொருட்காட்சிக்குப் போனபோது பார்த்தாராம். பூசை கிடையாது, மண்டபத்துக்கு முன்னால் நிற்கிற சிலை. "ஒரு பாட்டி செருப்பக் கழட்டிட்டுத்தான் கிட்டப் போனாங்க. நானும் கழட்டிட்டேன், ஏன்னு தெரியல" என்றார்.

ஐந்தாம் நாள், வியாழன்

காலையில் நான் மட்டும் மறுபடி அருங்காட்சியகம் போனேன். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு 12-ஆம் நூற்றாண்டு நடராசரை வரைந்தேன். மூன்று மணி நேரம். புருவம்தான் வரவில்லை. நாலு தடவை அழித்தேன். ஐந்தாவது தடவை போடும்போது 'குனித்த புருவமும்' என்று வாய் தானாக முணுமுணுத்தது. அப்பர் தில்லையில் பாடியது. அப்போதுதான் உறைத்தது: அவர் புருவத்தில் தொடங்கி, உதட்டுச் சிரிப்பு, ஈரச் சடை, நீறு பூசிய மேனி என்று வந்து தூக்கிய பாதத்தில் முடிக்கிறார். வரைகிறவனின் கண் அது. அந்தப் பாட்டில் எந்த வேண்டுதலும் இல்லை. இதைக் காணக் கிடைக்குமானால் மனிதப் பிறவியும் வேண்டியதுதான் என்கிறார், அவ்வளவே. முப்பது வருடம் பாராயணம் பண்ணிய பாட்டு, எனக்கு ஓர் அருங்காட்சியகத்தில் வைத்துத்தான் புரிந்தது.

சாயங்காலம் நிஜாமுதீன் தர்கா. வியாழக்கிழமை கவ்வாலி என்கிற சூஃபி பக்திப் பாட்டு உண்டு. சித்தி தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு உற்சாகமாகக் கிளம்பினார். பூக்கடைகளும் அத்தர் வாசமுமாக நெளிந்து நெளிந்து போகும் சந்து. முதலில் கவிஞர் அமீர் குஸ்ரோவின் சமாதி, பிறகு அவருடைய குரு நிஜாமுதீன் அவ்லியாவின் சமாதி. இருவரும் 1325-ல் சில மாத இடைவெளியில் இறந்தவர்கள். சமாதிக்குள் பெண்கள் போக முடியாது, கல் சன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். எனக்கு அது வருத்தமாக இருந்தது, மறைப்பானேன்.

முற்றத்தில் உட்கார்ந்தோம். நாங்கள் பேசியதைக் கேட்டு, பக்கத்தில் இருந்த பெண், "அக்கா எந்த ஊரு?" என்றார். அவர் நாகூர்க்காரர், கணவருக்கு இங்கே வியாபாரம். ஊர்ப் பக்கம் என்றதும் எங்களுக்குள் ஒட்டுதல் வந்துவிட்டது. ஆர்மோனியமும் கைத்தட்டலுமாகப் பாட்டு எழும்பியது. ஒரே அடியைத் திருப்பித் திருப்பிப் பாடுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே. ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் கை மயிர் நின்றது. பாடுகிறவர்கள் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை, முகம் முழுக்கச் சமாதியைப் பார்த்துத்தான். அதைச் சொன்னபோது அந்த நாகூர்த் தங்கை, "அவங்க அவ்லியாவுக்குப் பாடுறாங்கக்கா. நாம ஓரமா உக்காந்து கேட்டுக்குறோம்" என்றார்.

வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மருட்கை என்று தொல்காப்பியம் ஒரு மெய்ப்பாட்டைச் சொல்கிறது, வியப்பு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கினால் அது பிறக்கும் என்கிறது. கூத்துக்கும் செய்யுளுக்கும் சொன்ன இலக்கணம் அது. சன்னிதியில் எனக்கு வந்ததும் அதே சிலிர்ப்புதான், கண்ணாடிப் பெட்டி முன்னாலும் அதுதான், இன்று முற்றத்திலும் அதுதான். உடம்புக்கு ஒரு சிலிர்ப்புதான் தெரியும். பெயர் வைத்துப் பிரிப்பது நாம். எழும்போது அந்தப் பெண், "துஆ கேட்டீங்களாக்கா?" என்றார். மறந்துட்டேன்மா என்றேன். சித்தி கேட்டிருந்தார், என் பையனுக்காக.

ஆறாம் நாள், வெள்ளி

இன்று இரவு வண்டி. இதை வண்டியில் எழுதுகிறேன்.

காலையில் மறுபடி மலை மந்திர். இன்று எதுவும் கேட்காமல் பார்க்கப் போகிறேன் என்று தீர்மானம் செய்துகொண்டு போனேன். திரை விலகியது. தீபம் பாதத்தில் தொடங்கியது. முழங்கால், இடுப்பு, வேல் பிடித்த கை என்று சுடரோடு கண் ஏறியது. முகத்துக்கு வந்ததும் 'பையனுக்கு ஒரு வேலை' என்று வந்துவிட்டது. தடுக்கவில்லை. தீபம் முகத்தில் இன்னும் நின்றிருந்தது, நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். கேட்டதும் பார்த்ததும் அந்த நேரத்தில் ஒன்றோடொன்று இடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டி கட்டும்போது சித்தி நோட்டைப் புரட்டி நடராசர் படத்தைப் பார்த்தார். "இதக் குடுத்துட்டுப் போ" என்றார். கிழித்துக் கொடுத்தேன். பூசை அலமாரியில் சுவாமிநாதனுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். செவ்வாய்க்கிழமை சாத்த முடியாமல் போனதற்கு ஈடாக இன்று புதிதாக ஒரு முழம் வாங்கி வைத்திருந்தார், அதைச் சுற்றினார். விபூதி குழைத்து நெற்றியில் பட்டையாகப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார்.

"சித்தி, புருவம் போச்சு" என்றேன். நாலு தடவை அழித்து வரைந்த புருவம்.

"எங்க போச்சு, உள்ளாரதான இருக்கு" என்றார்.

பிறகு ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கலும் இரண்டு வாழைப்பழமும் படத்துக்கு முன்னால் வைத்து, தண்ணீர் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். கிளம்பும்போது அந்தப் பொங்கலை டப்பாவில் போட்டு, பழத்தோடு என் பையில் வைத்தார்.

மதுரா தாண்டியதும் டப்பாவைத் திறந்தேன். இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. எதிர் இருக்கையில் இருந்த குழந்தைக்கு ஒரு பழம் கொடுத்தேன்.